இலவம்பஞ்சா, லேடெக்ஸா?

நபி (ஸல்) அவர்களின் படுக்கை பேரீச்ச நார் அடைத்த தோல்விரிப்பாக இருந்தது என ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தது புகாரியில் பதிவாகியுள்ளது. இதை மாணவர்க்குக் கற்பிக்கும் நாம், முதுகுவலியால் ஸுஜூதிலிருந்து எழச் சிரமப்படும் அம்மாவுக்காக விலையுயர்ந்த லேடெக்ஸ் மெத்தை தேடினோம். ஆடம்பரமோ என்ற தயக்கம் இருந்தது. ஆணுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, நான்காவது ஷைத்தானுக்கு என்னும் முஸ்லிம் நூலின் ஹதீஸ், தேவைக்கு மிஞ்சியதையே கண்டிக்கிறது. நோயாளியின் தேவையை அன்று.

போடிநாயக்கனூர் இலவம்பஞ்சுக்குப் பெயர்பெற்றது. அதன் இழை உள்ளீடற்ற நுண்குழல். காற்று நிறைந்தது, மெழுகுத்தன்மையால் ஈரம் எளிதில் ஒட்டாது. ஏலமலைக் குளிருக்கும் அடிவாரப் புழுக்கத்துக்கும் ஏற்றதே. ஆயினும் நாளடைவில் அமுங்கிக் கட்டிதட்டும். இடுப்பு பள்ளத்தில் இறங்கும். லேடெக்ஸோ ரப்பர்ப் பாலை நுரைக்கவைத்துச் செய்வது; உடலைச் சீராகத் தாங்கும், துளைகள் வழியே காற்றோடும். செயற்கை ரப்பர் கலந்ததும் இதே பெயரில் விற்பதால் கேட்டறிந்தே வாங்கவேண்டும். எடையும் மிகுதி. பஞ்சு மெத்தையைப்போல் மாடி வெயிலில் உலர்த்தினால் இறுகி வெடித்துவிடும். இதை விற்பவர் எவரும் தாமாகச் சொல்வதில்லை!

அம்மாவுக்கு மட்டும் லேடெக்ஸ் வாங்கினோம். அவரது பழைய மெத்தையைப் பிரித்து, பஞ்சை வெயிலில் காயவைத்து, மீண்டும் அடைத்து விருந்தினருக்கென வைத்திருக்கிறோம்.