தூணும் தண்ணீரும்

சாந்தோம் தேவாலயத்துக்குப் பின்னால், கடற்கரைக்கு இறங்கும் வழியில் ஒரு மரத்தூண் நிற்கிறது. தோமையார் நட்டது, கடல் அதைத் தாண்டாது என்பது நம்பிக்கை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை வந்த சுனாமி தேவாலயத்துக்குள் நுழையவில்லை. தூணுக்குக் கீழேயே தண்ணீர் நின்றதை என் கண்ணால் பார்த்தேன் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அக்கா சிரித்தாள். "நீ எங்கடா பாத்தே? அன்னிக்கு நாம தாம்பரத்துல சித்தி வீட்டுல டிவி முன்னாடி உக்காந்திருந்தோம்."

அவள் சொல்வதுதான் சரி. சித்தி வீட்டு சோபாவின் கிழிசல்கூட இப்போது ஞாபகம் வருகிறது. (அதுவும் அவள் சொன்ன பிறகு முளைத்ததோ என்னவோ!)

தேவாலயம் மேட்டில் இருக்கிறது. அதே கரையில், தாழ்வான மணலில் இருந்த பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் வீடுகளும் போயின, உயிர்களும் போயின. தூண் கதையைச் சொன்னபோதெல்லாம் அந்தக் குப்பத்தைப் பற்றி நான் வாயே திறந்ததில்லை.

இன்று மாமா வாட்ஸ்அப்பில் '26 மர்மம்' அனுப்பியிருக்கிறார். குஜராத் பூகம்பம் 2001 ஜனவரி 26, ஈரானின் பாம் நகர பூகம்பம் 2003 டிசம்பர் 26, அப்புறம் சுனாமி, மும்பை வெள்ளம் 2005 ஜூலை 26. தேதியெல்லாம் சரிதான். "லாத்தூர் பூகம்பம் 1993 செப்டம்பர் 30 ஆச்சே மாமா, தனுஷ்கோடி புயல்கூட 26 இல்லையே?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் வேற கணக்குப்பா" என்று பதில் வந்தது.