முக்கால் மணி நேர வானம்

செப்பாங் விமான நிலையம், இரண்டாம் முனையம். சிங்கப்பூர் விமானத்துக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் பயணக் களையே இல்லை. கழுத்தில் அலுவலக அட்டை தொங்க ஒருவர் மடிக்கணினியில் மூழ்கியிருக்கிறார். இரண்டு இளம்பெண்கள் ஒரே சார்ஜரைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். உலகிலேயே நெரிசல் மிகுந்த பன்னாட்டு வான்வழிகளில் ஒன்று இந்தக் கோலாலம்பூர்–சிங்கப்பூர் வழி. தூரமோ ஏறத்தாழ 300 கிலோமீட்டர்தான்.

ஓரத்து நாற்காலியில் ஓர் அம்மா. பருத்திப் புடவை, மடியில் பிஸ்கட் டின், விரலிடுக்கில் பாஸ்போர்ட். பக்கத்துப் பையன் கேட்கிறான்: "அம்மா, சிங்கப்பூர் அரைவல் கார்டு போட்டாச்சா?"

"அது என்னாப்பா?"

தரையிறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய படிவம் அது. கட்டணம் கிடையாது. ஆனால் மின்னஞ்சல், விமான எண், தங்கும் முகவரி என்று கேட்டுக்கொண்டே போகும். அந்த அம்மா டின்னுக்கு அடியிலிருந்து மடித்த தாளை எடுக்கிறார். மகள் எழுதிக் கொடுத்த உட்லண்ட்ஸ் வீட்டு பிளாக் எண் அதில் இருக்கிறது. பையன் தன் கைப்பேசியிலேயே நிரப்புகிறான். பிறந்த தேதியைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்கிறது. கிள்ளானில் விடியுமுன்னே கிளம்பியதாகவும் பேத்திக்கு அதிரசம் கொண்டுபோவதாகவும் யாரும் கேட்காமலே சொல்கிறார்.

வரிசை நகர்கிறது. விமானம் எழும்பியதும் கீழே செம்பனைத் தோட்டங்கள், கோடு போட்டதுபோல். மலாக்கா, மூவார், பத்து பகாட் எல்லாம் நிமிடக் கணக்கில் பின்னே போகின்றன. பணிப்பெண்கள் வண்டியை ஓட்டமும் நடையுமாகத் தள்ளுகிறார்கள். அந்த அம்மா வாங்கிய மைலோ ஆறுவதற்குள், இருக்கையை நிமிர்த்தச் சொல்லி அறிவிப்பு வந்துவிடுகிறது. ஜன்னலில் கடல்; நங்கூரமிட்ட கப்பல்கள். வானில் இருந்தது முக்கால் மணி நேரம்.

பயணச்சீட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். ஓடுபாதையில் ஊர்வதும் அதில் அடக்கம். கிள்ளானிலிருந்து செப்பாங் வந்த நேரமும், முனையத்தில் காத்திருந்த நேரமும், இனி சாங்கியிலிருந்து உட்லண்ட்ஸ் போகும் நேரமும் அதில் இல்லை. கூட்டினால் அரை நாள். இரு நகரங்களையும் தொண்ணூறு நிமிடத்தில் இணைப்பதாக இருந்த அதிவேக ரயில் ஒப்பந்தம் 2020 முடிவோடு ரத்தானது. அது வந்திருந்தால் இந்த அம்மாவுக்கு இத்தனை அலைச்சல் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

சாங்கியில் தானியங்கிக் கதவு. பாஸ்போர்ட்டை எந்தப் பக்கம் வைப்பதென்று தெரியாமல் நிற்கிறார். பின்னாலிருப்பவர்கள் பொறுமை இழக்கிறார்கள். முன்னே போய்விட்ட அந்தப் பையன் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்று, பாஸ்போர்ட்டைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிக் கையால் காட்டுகிறான். கேமராவைப் பார்க்கச் சொல்லித் தன் முகத்தைத் தொட்டுக் காட்டுகிறான். கதவு திறக்கிறது.

சிங்கப்பூருக்கு அம்மா அப்பாவைத் தனியாக அனுப்புகிறவர்கள், டிக்கெட் எடுத்ததோடு நின்றுவிடாதீர்கள். அந்தப் படிவத்தையும் நீங்களே நிரப்பி, ஒப்புகையை அச்செடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.