601201

போன வாரம் வகுப்பில் நான் அடித்து விட்ட ஒரு தப்பான கணக்கைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். சிரித்தவர்கள் முழுசாகப் படிக்கவும்!

601201 எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டியின் பின்கோடு. அப்பாவுக்கு சிப்காட்டில் வேலை, அதனால்தான் இந்த ஊர். எத்தனை விண்ணப்பங்களில் இந்த ஆறு இலக்கங்களை எழுதியிருப்பேனோ தெரியாது. 1972-ல் பின்கோடு வந்தபோது தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் சேர்த்து 6-ல் தொடங்கும் எண்களைக் கொடுத்தார்கள். மற்றபடி அது வெறும் முகவரிதான். ஆனால் தினமும் சென்ட்ரல் வரை லோக்கல் ரயிலில் போகிறவனுக்கு வேறு என்ன வேலை? இது பகா எண்ணா என்று ஒருநாள் தோன்றிவிட்டது.

திருவள்ளூரின் 602001 உடனே விழுந்துவிட்டது. இலக்கங்களைக் கூட்டினால் 9, ஆகவே 9-ஆல் வகுபடும். எங்கள் எண்ணைக் கூட்டினால் 10 வருகிறது. 3 போச்சு. கடைசி இலக்கம் 1, அதனால் 2, 5 இரண்டும் போச்சு. இனி ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்க்க வேண்டியதுதான். எதுவரை? 776-ஐ 776-ஆல் பெருக்கினால் 602176, நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. ஆக 775 வரை போதும். அதற்குள் 137 பகா எண்கள் இருக்கின்றன.

எண்ணூர் வருவதற்குள் 39-வதான 167-க்கு வந்துவிட்டேன். செல்போன் கால்குலேட்டரில் 3600 என்று தெரிந்தது. வகுப்புக்குள் நுழைந்ததும் "167 பெருக்கல் 3600, பகு எண்!" என்று அறிவித்தேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "ஏன்டா, ஒத்தப்படை எண்ணு எப்படிடா 3600-ஆல வகுபடும்?"

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

திரும்பப் போட்டால் 3600.00598... புள்ளிக்குப் பின்னால் நான் பார்க்கவே இல்லை. நான் பிரித்தது 601200-ஐ, அதாவது பக்கத்து வீட்டை. அதற்கு 90 வகுத்திகள் இருக்கின்றன (2⁴ × 3² × 5² × 167, அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் 5 × 3 × 3 × 2). ஒன்று தள்ளினால் எல்லாமே மாறிவிடுகிறது!

மிச்சம் 98 வகுத்தல்களுக்கு இரண்டு நாள் ரயில் பயணம் ஆனது. கடைசியான 773-லும் மீதி 580. ஆக, 601201 பகா எண்ணேதான்.

நூறு இலக்க எண்ணுக்கு இந்த வழி ஆயுசுக்கும் உதவாது. எண் பெரிதானாலும் நேரம் கட்டுக்கடங்காமல் போகாத, நிச்சயமான விடை தரும் வழியை 2002-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மனீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா கண்டுபிடித்தார்கள். பின்னவர் இருவரும் அந்த வருஷம்தான் பி.டெக். முடித்தவர்கள். (நான் கால்குலேட்டரில் புள்ளி பார்க்காதவன்...)

இன்னொன்று. 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண் எதையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம், அதுவும் ஒரே ஒரு வழியில்தான். 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா சொன்னார், அடுத்த நூற்றாண்டில் ஆய்லர் நிரூபித்தார். நம் எண்ணுக்கும் மீதி 1. நாள்கணக்கில் தேட வேண்டியிருக்குமே என்று பயந்துகொண்டே மேலிருந்து தொடங்கினேன். 775-இன் வர்க்கம் 600625. மிச்சம் 576. அது 24-இன் வர்க்கம்! முதல் முயற்சியிலேயே! நான் போட்ட சத்தத்தில் எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் "பொன்னேரி வந்துடுச்சா தம்பி?" என்று எழுந்துவிட்டார்.

98 வகுத்தல்களும் நோட்டில் இருக்கின்றன. திங்கட்கிழமை கொண்டு வருகிறேன். பின் பெஞ்சு நண்பர் சரிபார்க்கட்டும்.