அருவிக்கரைச் சிநேகம்

உதகைக்கும் கோடைக்கானலுக்கும் போகிறவர்கள் மலையைப் பார்க்கப் போகிறார்கள். குற்றாலத்துக்குப் போகிறவர்களோ அருவிக்குத் தலையைக் கொடுக்கப் போகிறார்கள். இடுப்பில் ஒற்றைத் துண்டுடன் நிற்கும் அந்தக் கூட்டத்தில் ஜில்லா கலெக்டர் யார், ஜவுளிக்கடைக் குமாஸ்தா யார் என்று பிரம்மதேவனாலும் சொல்ல முடியாது.

ஆனி பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியே குளிர்காற்று புகுந்துவிடும். தென்காசியில் ரயிலை விட்டு இறங்கும்போதே முகத்தில் பன்னீர் தெளித்தாற்போல் சாரல் விழும். குற்றாலம் அங்கிருந்து மூன்று மைல்தான். எனினும் காசி விசுவநாதரைத் தரிசியாமல் போவது தகாது. 15-ஆம் நூற்றாண்டில் இக்கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இதற்குப் பழுது நேர்ந்தால் அதைத் திருத்தப் போகிறவர்களை இப்போதே அடிபணிந்து வணங்குவதாகப் பாட்டில் சொல்லிக் கல்லில் பொறித்து வைத்தான். முகமறியாத மனிதர்களுக்கு ஓர் அரசன் செய்த நமஸ்காரம் அது! வெகுகாலம் சிதைந்து கிடந்த ராஜகோபுரம் 1990-இல் மறுபடி எழும்பி நிற்கிறது.

சென்ற ஆனியில், ஊருக்குச் சற்று ஒதுங்கிச் சிற்றாற்றங்கரையில் இருந்த ஒரு விடுதியில் நான் தங்கினேன். இரண்டு நாள் ஓயாத மழை. அருவிகளில் குளிக்கக் கூடாதென்று போலீஸார் தடை செய்துவிட்டார்கள். 2024 மே 17-ஆந் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு பள்ளிச் சிறுவனைக் கொண்டுபோன பிறகு, இந்தத் தடையை யார்தான் குறை கூறுவார்கள்?

கைப்பேசிகளும் வேலை செய்யவில்லை. ஆகவே எல்லோரும் தாழ்வாரத்துக்கு வந்து சேர்ந்தோம். கொல்லத்து நர்ஸம்மாள் ஒருவர், தம் தாயாருடன். சிவகாசி அச்சகத்துத் தொழிலாளிகள் நால்வர். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த எண்பது வயதுப் பெரியவர் ஒருவர். நேந்திரங்காய் வறுவலும் கடலை மிட்டாயும் ஒரே தட்டில் கலந்தன.

வாத்தியார் சும்மா இருப்பாரா? ரசிகமணி டி. கே. சி. இந்த ஊரில் வாழ்ந்ததையும், 1954-இல் காலமாகும் வரை அவர் வீடு தமிழன்பர்களுக்குச் சத்திரமாக விளங்கியதையும், ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து உரையாடியதையும் விஸ்தாரமாகச் சொன்னேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டார்.

"அது நல்ல காலந்தான், வாத்தியாரய்யா. ஆனா எங்கப்பா சுமைவண்டி ஓட்டிக்கிட்டு இங்கே வருவார். கூட வந்தவங்க அருவியிலே குளிப்பாங்க. அவரு வண்டிக்குக் காவல் இருப்பாரு."

தாழ்வாரத்தில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

1934-ஆம் வருஷம் ஜனவரியில் காந்தியடிகள் ஹரிஜன யாத்திரையில் குற்றாலம் வந்தார். ஹரிஜனங்களுக்கு அனுமதியில்லாத அருவியில் தாமும் நீராடுவதில்லை என்று சொல்லிவிட்டார். இதை நான் புத்தகத்தில் படித்தவன். பெரியவர் வீட்டிலோ அது குடும்பக் கதை.

"நமக்காக ஒருத்தர் நனையாமப் போயிட்டாரேன்னு அப்பா அழுதாராம்" என்றார்.

1939-இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. 1950-இல் அமலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் 15-ஆம் ஷரத்து, பொதுக் கிணறு, குளம், நீராடுதுறை ஆகியவற்றில் ஜாதியின் பேரால் எவரையும் தடுக்கலாகாது என்று விதித்தது. காகிதத்தில் எழுதியது கல்லில் எழுதியதைவிடப் பலமானதென்று அன்று தோன்றிற்று.

மூன்றாம் நாள் விடியற்காலையில் தடை நீங்கியது. பேரருவியின் இரைச்சலில் பெரியவர் சற்றே தயங்கினார். சிவகாசிப் பையன் ஒருவன், "தாத்தா, என் கையைப் பிடிச்சுக்கோங்க" என்று அழைத்துப் போனான். அவர் என்ன ஜாதி என்று அவன் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. இருவர் தலையிலும் ஒரே தண்ணீர் விழுந்தது.

தலை துவட்டி, சட்டை மாட்டி, அவரவர் ஊருக்குத் திரும்பிய பிறகும் இந்தச் சிநேகம் நிலைக்குமா? கிராமத்துத் தெருக்களையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் தினந்தோறும் பார்க்கிறவனுக்கு, தானாக நிலைக்கும் என்று சொல்லத் துணிவில்லை. ஒருமுறை கட்டிவிட்டால் போதும் என்று பாண்டியன் நினைக்கவில்லை. பழுது பார்க்கிறவர்களைத் தேடினான். கோயிலுக்கு மட்டுந்தானா அவர்கள் தேவை?