தாராவியும் இரு சக்கர உத்தியோகமும்

சயான், மாகிம், மாட்டுங்கா ஆகிய ரயில் நிலையங்களுக்கு நடுவே அமைந்திருப்பது மும்பைத் தாராவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம்மவர் பலர் இங்கே தோல் பதனிடும் தொழிலில் இறங்கினர். ஊரிலிருந்து புதிதாக வந்தவன், உறவினர் ஒருவரின் சொல்லைத் துணையாகக் கொண்டே வேலையில் நுழைவான். தோல் பதனிடும் கிடங்குகள் பெரும்பாலும் இடம் பெயர்ந்துவிட்டன.

இன்று மாலை வேளையில் தொண்ணூறு அடிச் சாலையில் நின்று பார்த்தால் காட்சி வேறு. முதுகில் சதுரப் பை, கையில் கைப்பேசி, கீழே இரு சக்கர வண்டி. உணவு விடுதிகளின் வாசலில் காத்திருக்கும் வாலிபர்கள், அழைப்பு வந்ததும் புறப்படுகின்றனர். மித்தி ஆற்றுக்கு அப்பால், பாந்த்ரா-குர்லா வளாகத்தின் கண்ணாடி மாளிகைகளுக்கும் அவர்களே உணவு சுமந்து செல்கின்றனர்.

"நிலையான உத்தியோகம் தேட மனமில்லாத சோம்பேறிகள்" என்று நம் பெரியவர்கள் சிலர் இவர்களைக் கடிந்துகொள்வதுண்டு. கொளுத்தும் வெயிலிலும் கொட்டும் மழையிலும் பத்து மணி நேரம் வண்டி ஓட்டுபவனைச் சோம்பேறி என்பது எங்ஙனம் பொருந்தும்? அவனை இவ்வேலைக்கு இழுப்பவை வேறு.

முதலாவது, காத்திருக்க இயலாமை. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பதால் எனக்குத் தெரிந்த கணக்கையே கூறுகிறேன். 2019-இல் எங்கள் இலாகா அறிவித்த சுமார் 35,000 இடங்களுக்கு ஒரு கோடியே 25 லட்சம் பேர் விண்ணப்பித்தனர். முதற்கட்டத் தேர்வின் முடிவு வெளிவந்ததோ 2022 ஜனவரியில். எங்கள் குடியிருப்பில் வசிக்கும் வாலிபன் ஒருவன் என்னிடம், "அண்ணாச்சி, அந்த மூன்று வருஷமும் வீட்டு வாடகையை யார் கொடுப்பார்கள்? இதில் லைசென்ஸும் ஆதாரும் காட்டினால் சில நாளில் வேலை, வாரம் பிறந்தால் பணம்" என்றான். மறுமொழி கூற எனக்கு வார்த்தை எழவில்லை.

இரண்டாவது, மானம். தாராவி என்ற முகவரியைக் கேட்டதும் முகம் சுளிக்கும் முதலாளிகள் இந்நகரில் உண்டு. கைப்பேசி முகம் சுளிப்பதில்லை, சிபாரிசும் கேட்பதில்லை. மூன்றாவது, நேரம். காலையில் கல்லூரிக்குச் செல்பவனும், நோயுற்ற தாயைக் கவனிப்பவனும் மாலையில் மட்டும் உழைக்கலாம்.

நாடெங்கும் இதே நிலைதான். 2020-21-இல் இத்தகைய வேலையில் 77 லட்சம் பேர் இருந்தனர் என்றும், 2029-30-க்குள் அத்தொகை 2 கோடியே 35 லட்சமாக உயரும் என்றும் நிதி ஆயோக் 2022-இல் மதிப்பிட்டது.

ஆயினும் ஒன்றைக் கூறாமல் விடலாகாது. கம்பெனிகள் இவர்களைப் 'பங்காளர்' என்று அழைக்கின்றன. நம் ஊரில் பங்காளி என்றால் சொத்தில் பங்குள்ளவன். இவர்களுக்கோ பெட்ரோல் செலவிலும் வண்டிப் பழுதிலும்தான் பங்கு! ரயில்வேயின் வாசல் குறுகியது. ஆனால் உள்ளே நுழைந்தவனுக்கு ஆண்டுதோறும் ஊதிய உயர்வும், விடுப்பும், பதவிப் படிகளும் உண்டு. இங்கே வாசல் அகலம். ஏறிச் செல்லப் படிகள் இல்லை. இருபது வயதில் இனிக்கும் இவ்வேலை, முதுகு வலிக்கும் நாற்பது வயதில் என்ன தரும்?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இக்கம்பெனிகள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை தொழிலாளர் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. இது நல்ல தொடக்கமே. ஆனால் பெயரைப் பதிவு செய்யாதவனுக்குச் சட்டம் இருந்தும் பயனில்லை.

ஆதலால், இவ்வேலை பார்க்கும் பிள்ளைகள் உள்ள இல்லத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அவர்களை ஏளனம் செய்யாதீர்கள். இ-ஷ்ரம் தளத்தில் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வாரந்தோறும் வரவையும், பெட்ரோல், பழுது, தவணை ஆகிய செலவுகளையும் ஒரு நோட்டில் எழுதிக் கழித்துப் பார்க்கப் பழக்குங்கள். மிஞ்சுவது எவ்வளவு என்பது தெரிந்தால், விட்ட படிப்பை எப்போது தொடர்வது என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள்.