பொதுப்பணமும் தனிப்பந்தியும்

சேரன்மகாதேவி

அன்புள்ள மகளுக்கு,

 

சமத்துவத்தை நம் அரசியலமைப்பு அமெரிக்காவிடமிருந்து வாங்கிக்கொண்டதுதானே என்று உன்னோடு படிக்கும் பையன் கேட்டதாக எழுதியிருந்தாய். 14ஆம் பிரிவைப் பொறுத்தவரை அவன் சொல்வது ஓரளவு சரி. 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் படித்துக் காட்டு. கடை, உணவு விடுதி, கிணறு, குளம், படித்துறை என்று பேர் சொல்லிப் பேர் சொல்லி, அங்கெல்லாம் சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. அமெரிக்கச் சாசனத்தில் படித்துறை கிடையாது. நமக்கு அது வேண்டியிருந்தது; அதற்கு நம் ஊரே சாட்சி.

1922இல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய தமிழ்க் குருகுலம் இங்கேதான் நடந்தது. திருக்குறளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர். புதுச்சேரியில் பாரதியோடு இருந்த புரட்சிக்காரர். பல சாதிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார். அந்தக் காலத்துக்கு அதுவே பெரிய காரியம். தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, முதலில் 5,000 கொடுத்தது. ஆனால் பிராமணப் பையன்கள் இருவருக்குத் தனிப்பந்தி. அங்கே படித்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் வீட்டில் போய்ச் சொல்லித்தான் விஷயம் வெளியே வந்தது என்பார்கள்.

அப்போது காங்கிரஸில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் விடவில்லை. பொதுப்பணம் வாங்கும் இடத்தில் பிறப்பைப் பார்த்து இலை போடலாமா? பெற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள் என்பது ஐயர் தரப்பு. ஐயர்மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்தப் பதில்மேல் இல்லை. 1925 ஜூனில், பாபநாசம் அருவியில் சிக்கிய மகளைக் காப்பாற்றப் போய் அவரும் இறந்தார். அந்த நவம்பரில் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார்.

1950இல் நடைமுறைக்கு வந்த சாசனம், அரசுப் பணம் பெறும் கல்விக்கூடத்தில் சாதியைக் காட்டி இடம் மறுக்கக் கூடாது என்றது. அது 29ஆம் பிரிவு. குருகுலச் சண்டையின் நியாயம்தானே என்று தோன்றும். வேடிக்கையைக் கேள்: அதே பிரிவைச் சொல்லித்தான், செண்பகம் துரைராஜன் வழக்கில், சாதி, மதவாரியாக இடம் ஒதுக்கிய சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை 1951இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. இடம் கொடுக்கக் கேட்ட நியாயமே இடத்தைப் பறிக்கவும் உதவியது. பெரியார் மறுபடி போராட்டத்தில் இறங்கியிருந்தார். அந்த ஆண்டே முதல் திருத்தம் வந்து, பின்தங்கியவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்ய 15இல் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது.

அந்தப் பையனிடம் பேசும்போது படித்துறையோடு நிறுத்திவிடாதே. நான்காவதையும் வாசித்துக் காட்டு.

அன்புடன்,
பெரியப்பா