கேட்டறிந்து சொல்லுதல்

மும்பையின் செம்பூரில் 1984 ஆம் ஆண்டு விவேகானந்தா கல்விச் சங்கத்தின் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப்பெற்றது. இத்தகைய கல்லூரிகளில் பயிலும் மாணவர்கள் கணினிக்கு நிரல் எழுதக் கற்கின்றனர். கணினிக்குக் கட்டளையிடத் தெரிந்தவர்க்கு மனிதரோடு பேசவும் தனிப்பாடம் வேண்டுமா? வேண்டும் என்கிறது மும்பைப் பல்கலைக்கழகம். 2019 இல் திருத்தப்பட்ட அதன் பொறியியல் பாடத்திட்டத்தில், தொழில்சார் தகவல் தொடர்பு இரண்டு பருவங்களில் பாடமாக இடம்பெற்றது.

இதன் தேவையை ஒரு விண்கலம் உணர்த்தியது. அமெரிக்கா செவ்வாய்க் கோளுக்கு அனுப்பிய விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று அழிந்தது. உந்துவிசைக் கணக்கை ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு அளவில் தந்தது. மற்றொரு குழு அதனை நியூட்டன் அளவு என்று கொண்டது. இரு குழுவினருக்கும் கணக்குத் தெரியும். ஆயினும், எந்த அளவு என்பதைத் தெளிவாகச் சொல்லவும் கேட்டறியவும் தவறினர்.

செம்பூரில் வாழும் தமிழ் மாணவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். தாத்தாவின் மளிகைக் கடைக்குக் கடன் கணக்கு மென்பொருள் ஒன்றை அவர் உருவாக்குகிறார். அதில் இரண்டே கட்டங்கள்: 'தந்தார்', 'தரவில்லை'. கலைச்சொல் எதுவுமின்றி அதைத் தாத்தாவுக்குத் தமிழில் விளக்குகிறார். பொறுமையாகக் கேட்ட தாத்தா, "ஐந்நூறு ரூபாய் கடனில் இருநூறு மட்டும் தந்தால், அதை எங்கே எழுதுவாய், தம்பி?" என்கிறார். மாணவரிடம் விடையில்லை. நாள்தோறும் கடையில் நிகழும் செயல் அது. அவர் கேட்டறியவே இல்லை. அன்றிரவே நிரலைத் திருத்துகிறார்.

பயனாளரின் தேவையைக் கேட்டறிவதே மென்பொருள் பணியின் முதற்படி. திருவள்ளுவர் 'சொல்வன்மை'க்கும் 'கேள்வி'க்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். இரண்டும் சேர்ந்ததே தகவல் தொடர்பு.

மாணவர்களே! வீட்டில் தமிழ், தெருவில் மராத்தியும் இந்தியும், வகுப்பில் ஆங்கிலம் என நீங்கள் நாள்தோறும் மொழி மாறிப் பேசுகிறீர்கள். எவரிடம் எப்படிச் சொன்னால் விளங்கும் என்று அறியும் பயிற்சி அது. அதனைச் சுமையாகக் கருதாதீர், செல்வமாகப் போற்றுங்கள்.

சிந்தித்து விடையளிக்க:
1. விண்கலம் அழிந்தமைக்குக் காரணம் யாது?
2. தாத்தாவின் வினா மாணவருக்கு எவ்வாறு உதவியது?
3. நீங்கள் அறிந்த செயலி ஒன்றை வீட்டுப் பெரியவருக்குத் தமிழில் விளக்கி, அவர் கேட்ட வினாக்களை எழுதுக.